மொட்டைக் கடுதாசியும் இரட்டை அம்பும்: வாட்ஸ்அப்பைச் செய்தித்தாளாகப் படித்துப் பார்த்த ஒருவரின் மதிப்புரை

31 ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரவுப் பணியில் கடைசியாக என் கண் ஓடுவது தலைப்புச் செய்தியின் மேல் அல்ல. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், வாசகர் யாரும் படிக்காத ஒரு வரியின் மேல்தான். இன்னாருக்காக இன்னார் அச்சிட்டு, இன்ன தெருவிலிருந்து வெளியிடுவது, ஆசிரியர் இன்னார் என்று அந்த வரி சொல்லும். 1867ஆம் ஆண்டில் வெள்ளைக்கார அரசு இயற்றிய பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 2024 மார்ச்சில் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை 150 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பழைய சட்டமே நம் பத்திரிகைகளை ஆண்டது. ஆள்பவர்களுக்குக் கண்காணிக்க வசதியாக இருந்த ஏற்பாடு என்றாலும், படிப்பவனுக்கும் அதில் ஒரு பயன் இருந்தது: எழுதியது பொய்யென்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது தாளிலேயே அச்சாகியிருந்தது.

ஓய்வுக்குப் பிறகு திருப்பூரில் குடியிருக்கிறேன். என் வயதுக்காரர்கள் பலரும் இப்போது நாளிதழை நிறுத்திவிட்டு, "எல்லாம்தான் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறதே" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க, மூன்று மாதங்கள் நானும் வீட்டுக்கு வந்த இரண்டு நாளிதழ்களை நிறுத்தினேன்; தொலைக்காட்சி விவாதங்களையும் பார்க்கவில்லை. உறவினர் குழு, தெருவாசிகள் குழு, பள்ளித் தோழர்கள், ஓய்வு பெற்ற ஊழியர்கள், கோயில் திருப்பணிக் குழு, என்னைக் கேட்காமலே சேர்த்துவிட்ட இரண்டு கட்சிகளின் வார்டு குழுக்கள் என்று மொத்தம் 14 குழுக்களிலிருந்து வருவதை மட்டுமே செய்தியாகக் கொண்டு நாளைக் கழித்தேன். வாட்ஸ்அப்பைத் தொலைபேசியாகவோ தபாலாகவோ நான் இங்கே மதிப்பிடவில்லை. அந்த வேலையில் அதற்கு ஈடு இல்லை. அதையே செய்தித்தாளாகவும் அரசியல் ஆசானாகவும் வைத்துக்கொள்ளும் பழக்கத்தைத்தான் மதிப்பிடுகிறேன். மத்திய அமைச்சர் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் 53 கோடிப் பேர் இதைப் பயன்படுத்தினார்கள். வேறு எந்தச் செய்தித்தாளுக்கும் இத்தனை வாசகர்கள் இருந்ததில்லை.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு டாலர் என்று பெயருக்கு ஒரு கட்டணம் இருந்தது. 2016 ஜனவரியில் அதுவும் போயிற்று. அதற்கு முன்பே, 2014இல், ஃபேஸ்புக் நிறுவனம் 1,900 கோடி டாலர் கொடுத்து இதை வாங்கியிருந்தது. உரையாடல் பக்கத்தில் விளம்பரம் இல்லை. 2025 ஜூனில்தான் ஸ்டேட்டஸ் இருக்கும் பக்கத்துக்கு மட்டும் விளம்பரம் வரும் என்று அறிவித்தார்கள். காசு கொடுக்காமல் நான் படித்த பத்திரிகை இதற்கு முன் ஒன்றே ஒன்றுதான்: கட்சிப் படிப்பகத்தில் போடப்பட்டிருக்கும் பத்திரிகை.

அந்தப் படிப்பகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எனக்கு அளவுகோல் அதுதான். தமிழ்நாட்டில் செய்தியும் அரசியலும் என்றைக்கும் தனித்தனியாக இருந்ததில்லை. விடுதலை, முரசொலி, ஜனசக்தி, தீக்கதிர் என்று கட்சிக்கும் இயக்கத்துக்கும் சொந்தமான நாளிதழ்கள் நமக்குப் பழக்கமானவை. 1993இல் சன் டிவியும் 1999இல் ஜெயா டிவியும் 2007இல் கலைஞர் டிவியும் வந்தபோது, எந்தத் தொலைக்காட்சி யாருடையது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. கூட்டத்தில் 1 லட்சம் பேர் என்று ஒரு தொலைக்காட்சி சொன்னால் பாதியைக் கழித்துக்கொள்வதும், அதே கூட்டத்தை இன்னொன்று காட்டாமல் விட்டால் கூட்டம் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று ஊகிப்பதும் டீக்கடை வாசகனுக்குக் கைவந்த கலை. மாட்டுத் தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் போல, சொல்லப்பட்டதற்கு அடியில் சொல்லாததைத் தடவிப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கைக்குரியவன் யார் என்று தெரிய வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அது தெரிவதில்லை. என் மூன்று மாத அனுபவத்தின் சாரமும் இதுதான், மற்றதெல்லாம் இதன் விரிவு.

ஒரு செய்தி வருகிறது. அனுப்பியவர் என் பெரியப்பா மகன். நான் 60 ஆண்டுகளாக அறிந்த, பொய் பேசாத மனிதர். ஆனால் எழுதியவர் அவரல்ல. அவருக்கு அனுப்பியவரும் எழுதியிருக்க மாட்டார். மேலே ஒரு சிறிய வளைந்த அம்புக்குறி, ஃபார்வர்டு என்ற சொல். பல கை மாறி வந்திருந்தால் இரண்டு அம்புகள். இவ்வளவுதான் அந்தச் செய்தியின் ஊர், பேர், முகவரி. எங்கள் காலத்தில் இப்படி வருவதற்கு மொட்டைக் கடுதாசி என்று பெயர். பத்திரிகை அலுவலகத்துக்கு வாரம் நான்கைந்து வரும். செய்தி ஆசிரியர் படிப்பார், பெரும்பாலும் கிழித்துப் போடுவார், எப்போதாவது ஒன்றை நிருபரிடம் கொடுத்து விசாரிக்கச் சொல்வார். ஆனால் மொட்டைக் கடுதாசியை மொட்டைக் கடுதாசி என்று தெரிந்துதான் படித்தோம். வாட்ஸ்அப் செய்த புதுமை, அந்தக் கடுதாசியை நம் பெரியப்பா மகனின் கையில் கொடுத்து அனுப்புவது. செய்திக்கு முகம் இல்லை, கொண்டுவந்தவருக்கு இருக்கிறது, அவர் முகத்துக்காக நாம் செய்தியை நம்பிவிடுகிறோம்.

வதந்தி கைப்பேசியோடு பிறந்ததல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற சேதி ஒரே பகலில் நாடெங்கும் பரவியது. அன்று நம் சட்டைப் பையில் தொலைபேசி இல்லை. கோயில் வாசலில் பாம்பு வந்து அருள்வாக்குச் சொன்னது, இதை 100 பிரதி அச்சடித்து விநியோகித்தால் நல்லது நடக்கும் என்று துண்டறிக்கைகள் வந்த காலமும் உண்டு. அந்தத் துண்டறிக்கையின் அடியிலும்கூட அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும் என்பதைத் தொழில் பழக்கத்தால் நான் கவனித்திருக்கிறேன்.

அம்புக்குறி ஏன் வந்தது என்பது வேதனையான கதை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்க வண்டியை நிறுத்திய சென்னைக் குடும்பத்தினரை, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள் என்பதற்காகக் குழந்தை கடத்துபவர்கள் என்று முடிவுகட்டி ஊரார் அடித்தார்கள். ஒரு மூதாட்டி இறந்தார். வட மாநிலத்திலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று குரல் பதிவுகளும் காணொளிகளும் அப்போது கைப்பேசி கைப்பேசியாகப் போய்க்கொண்டிருந்தன. ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் அதே சந்தேகத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சுற்றிய காணொளிகளில் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவதைக் காட்டியது. அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் உடனே திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்ற பொருளில் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். இந்தியாவுக்கு வந்த பிரதியில் அந்தக் கடைசிப் பகுதி மட்டும் இல்லை. மெய்ப்புத் திருத்துபவனின் மொழியில் சொன்னால், கடைசிப் பக்கத்து அடிவரியை வெட்டிவிட்டுத் தாளை விநியோகித்திருக்கிறார்கள். மீதிப் படத்தில் ஒரு சட்டகம்கூட மாற்றப்பட வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகுதான் நிறுவனம் விழித்தது. 2018 ஜூலையில் ஃபார்வர்டு முத்திரை வந்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குத்தான் அனுப்பலாம் என்ற வரம்பும் வந்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் நீண்டது. பல கை மாறிய செய்தியை ஒரு முறையில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில் சேர்ந்தது. அத்தகைய செய்திகளின் போக்குவரத்து அதனால் 70 சதவீதம் குறைந்தது என்று நிறுவனமே அறிவித்தது. வேகத்தடை என்ற அளவில் இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஒவ்வொரு பெயராகத் தொட்டு அனுப்ப வேண்டியிருக்கும்போது, பத்தாவது பெயருக்குள் யாருக்கும் சலிப்புத் தட்டும். வதந்திக்குச் சலிப்பைவிடப் பெரிய எதிரி இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018இல் ஒரு குழுவில் அதிகபட்சம் 256 பேர். ஐந்து குழுக்களுக்கு அனுப்பினால் 1,280 பேர். 2022இல் குழுவின் அளவை முதலில் 512 ஆக்கி, அதே ஆண்டு இறுதிக்குள் 1,024 ஆக்கினார்கள். புதிதாக ஒருவர் தட்டச்சு செய்யும் செய்தியை ஐந்து பெரிய குழுக்களுக்கு அனுப்பினால் இப்போது 5,120 பேர். ஏற்கெனவே ஃபார்வர்டு ஆனதை ஒரு முறையில் ஒரு குழுவுக்கு மேல் அனுப்ப முடியாது என்று கட்டியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். அந்தக் கட்டு எழுத்துச் செய்தியிடம் செல்லாது. விரலை அழுத்தி நகலெடுத்து, புதுச் செய்தியாக ஒட்டி அனுப்பினால் அம்பு உதிர்ந்துவிடும், வரம்பும் உதிர்ந்துவிடும். கட்சிகளின் ஐ.டி. விங் தம்பிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வார்டு குழுவில் வரும் அரசியல் பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அம்பு இருப்பதே இல்லை.

2023 மார்ச் மாதம் எங்கள் ஊருக்கு வந்த சோதனையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் வட இந்தியா முழுவதும் பரவின. திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டதையும், கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்த தகராறையும் எடுத்து, இன்னொரு கதையாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் விளக்கினார். அதற்குள் பீகார் சட்டமன்றத்தில் அமளி ஆகிவிட்டது. அந்த மாநில அரசு ஒரு குழுவையே இங்கு அனுப்பியது. ஹோலிக்கு ஊர் போவதற்காக ரயில் நிலையத்தில் நின்ற கூட்டம், உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டமாகக் காட்டப்பட்டது.

என் தங்கை மகன் சிறிய அளவில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறான். அவனிடம் அப்போது 11 வட மாநிலத் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஒரு மதியம் அவர்களில் ஒருவன் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை அவனிடம் நீட்டினான். மறுமுனையில் தாய் அழுதுகொண்டிருந்தாள். "மாமா, எனக்கு இந்தி வராதுங்க, ஆனா அந்தம்மா அழுவுறது புரியுதுங்க. இங்க ஒண்ணும் நடக்கலீன்னு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது?" என்று என்னிடம் கேட்டான். கடைசியில் அவர்களையே அன்றைய சமையலை, தைத்துக்கொண்டிருந்த துணிக் கட்டை, எதிர்வீட்டு ஆயாவை எல்லாம் காணொளியில் காட்டச் சொன்னோம். இரண்டு பேர் அப்படியும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். 2018இல் வட மாநிலத்தவன் குழந்தை கடத்த வருகிறான் என்று நமக்குச் சொன்ன அதே குழாய், ஐந்தே ஆண்டில் தமிழன் வட மாநிலத்தவனைக் கொல்கிறான் என்று அவர்களுக்குச் சொன்னது.

பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் அதே பத்திரிகையில் "வருந்துகிறோம்" என்று ஒரு கட்டம் வரும். ஆசிரியருக்கு அதைப் போட மனமே வராது, முடிந்தவரை சிறிதாக்குவார். ஆனாலும் பிழை போன வீடுகளுக்கே திருத்தமும் போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் திருத்தும் வசதி 2023 மே முதல் இருக்கிறது. இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்துக்குள் எல்லோருக்குமாக அழிக்கவும் முடியும். இரண்டும் என் கையிலிருந்து போன முதல் பிரதியோடு நின்றுவிடும். யாராவது அதை மேலே அனுப்பியிருந்தால், அந்தப் பிரதிகள் பழைய பிழையோடு தம் வழியே போய்க்கொண்டிருக்கும். திருத்தம் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பது அனுப்பியவருக்கே தெரியாது. என் தொழில் புத்திக்கு இந்தச் சேவையின் பெருங்குறை இதுதான். நிறுவனம் மனம் வைத்தால்கூட எளிதில் சரிசெய்யக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, கருவியில் இல்லாமல் நம்மிடம் இருக்கும் ஒன்று. டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கும்போது, பெஞ்சின் மறு ஓரத்திலிருந்து "உங்க பேப்பர் அப்படித்தாங்க போடும்" என்று ஒரு குரல் வரும். வாதம் முற்றும், டீ ஆறும், இருவரும் மறுநாள் அதே பெஞ்சுக்கு வருவார்கள். உறவினர் குழுவில் அது நடப்பதில்லை. அங்கே பெரியப்பா ஒரு செய்தி போட்டால், அது அப்பட்டமான பொய்யென்று தெரிந்த 20 பேர் கும்பிடும் கையைப் போட்டுவிட்டு நகர்வார்கள். வயதில் பெரியவரைப் பொதுவில் மறுக்கக் கூடாது என்ற நம் மரியாதை, கல்யாண வீட்டுக்காக உருவானது; அது அரசியல் வதந்திக்கு இப்படிக் குடை பிடிக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? நான் எண்ணிப் பார்த்தேன். மூன்று மாதங்களில் எங்கள் உறவினர் குழுவுக்கு வந்த அரசியல் ஃபார்வர்டுகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் வெளிப்படையான மறுப்பு வந்தது. மறுத்தது கல்லூரியில் படிக்கும் பேத்தி. அன்று மாலையே அவள் அம்மாவுக்குத் தொலைபேசியில் புகார் போயிற்று. செய்தி பொய்யா என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெண் வாய் நீளமாகிவிட்டது என்பதைப் பற்றித்தான் பேசினார்கள்.

கட்சிகளின் வார்டு குழுக்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு கட்சிகளுமே நிர்வாகிகள் மட்டும் பதிவிடலாம் என்ற அமைப்பைப் போட்டுவிட்டன. குழு என்ற பெயரில் நடப்பது ஒலிபெருக்கி. எனக்கு வியப்பளித்தது சட்டத்தின் இடைவெளி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, தேர்தல் சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் ஒலிபெருக்கி ஓய்ந்து ஊரே அமைதியாகிவிடும். எங்கள் குழுக்களில் சுறுசுறுப்பு உச்சத்துக்குப் போவதே அந்த 48 மணி நேரத்தில்தான் என்று, ஒவ்வொரு தேர்தலிலும் பூத்தில் உட்காரும் என் பழைய நண்பர் சொல்கிறார். சுவரில் ஒட்டும் தாளுக்கு அடிவரி வேண்டும், சட்டைப் பைக்குள் ஒட்டும் தாளுக்கு வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

சேனல் என்ற வசதி 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. இதில் பெயர் இருக்கிறது, நிறுவனம் உறுதிசெய்த பெயருக்கு முத்திரை இருக்கிறது, பின்தொடர்பவரின் எண்ணை மற்றவர்கள் பார்க்க முடியாது. பிரதமர் சேர்ந்த ஒரே நாளில் பின்தொடர்ந்தவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் கட்சிகளும் இங்கே கடை விரித்திருக்கின்றன. அடிவரி உள்ள ஒரே பகுதி என்பதால் செய்திக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் வாசகன் இங்கே செய்யக்கூடியது பெரும்பாலும் ஒரு பொம்மை முகத்தைத் தொடுவது மட்டும். தானாகப் பதில் எழுத முடியாது. ஆசிரியருக்குக் கடிதம் என்று ஒரு பகுதி பத்திரிகைகளில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதன் அளவுக்குக்கூட இங்கே இடமில்லை. தலைவர்களுக்கு இந்த வசதி ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்பது புரிகிறது. கேள்வி கேட்கும் நிருபரே இல்லாத பத்திரிகையாளர் சந்திப்பு.

உண்மை சரிபார்க்கும் சேவைகளையும் சோதித்தேன். தமிழில் யூடர்ன் போன்ற தளங்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்கின்றன. போலிக் குரல், போலிக் காணொளி என்று சந்தேகம் வந்தால் அனுப்பிக் கேட்பதற்கு, 2024 மார்ச்சில் மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன், டீப்ஃபேக் பகுப்பாய்வுக் குழு வாட்ஸ்அப்பிலேயே ஒரு எண்ணைத் திறந்தது. ஆங்கிலம், இந்தி, தெலுங்கோடு தமிழிலும் கேட்கலாம். நல்ல முயற்சி. ஆனால் சந்தேகப்படுபவன்தான் கேட்பான். நம்பிவிட்டவனுக்கு எந்த எண்ணும் தேவைப்படுவதில்லை.

அரசே சரிபார்ப்பது வேறு கதை. தமிழ்நாடு அரசு 2023இல் தனக்கென ஒரு சரிபார்ப்பகத்தை அமைத்தது. மத்திய அரசுக்கு 2019 முதலே ஒன்று உண்டு. அரசைப் பற்றிய செய்தியைப் பொய்யென்று அந்த மத்திய அமைப்பே முடிவுகட்டலாம் என்ற விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, சரியாகவே. நியாய விலைக் கடையில் நாளை முதல் சர்க்கரை இல்லை என்பது போன்ற வதந்திக்கு அரசின் மறுப்பு பயன்படும். அரசைக் குற்றம்சாட்டும் செய்திக்கு அரசே தரும் பொய் முத்திரையை, எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், பாதி கழித்துத்தான் படிக்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு மறுபக்கத்தை மறைத்தால் அதுவும் அடிவரியை வெட்டிய கணக்காகிவிடும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார்கள், எங்கே படகு இருக்கிறது என்பதைக் கைப்பேசிச் செய்திகள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தன. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்களை எந்தக் கட்சியும் லாரியில் ஏற்றி வரவில்லை; ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்புமே அவர்களுக்குச் சுவரொட்டி. 2018 மே 22 அன்று தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்த பின், மறுநாள் அந்த மாவட்டத்தோடு திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இணையச் சேவையை நிறுத்தினார்கள். வதந்தியைத் தடுக்க என்றார்கள். அந்த ஊர்க்காரர்கள் தம் கண்ணால் பார்த்ததை வெளியே சொல்லும் வழியும் சேர்ந்தே அடைபட்டது. இதே மாதத்தில்தான் போளூர்ச் சம்பவமும். குழாயைத் திறந்து வைத்தாலும் உயிர் போகிறது, அடைத்தாலும் உண்மை போகிறது என்ற இரண்டையும் ஒரே மாதத்தில் தமிழ்நாடு பார்த்தது.

முதலில் எழுதியவர் யார் என்பதைச் செய்தியோடு கட்டி அனுப்பினால் என்ன என்ற கேள்விக்கும் தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டு. இணையக் குற்றங்கள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநரான பேராசிரியர் காமகோடி, 2019இல் ஒரு வழி சொன்னார்: முதலில் அனுப்புபவரின் அடையாளத்தை, எல்லோரும் பார்க்கும்படியாகவோ நீதிமன்ற ஆணை வந்தால் மட்டும் திறக்கும்படி பூட்டியோ, செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம், இதை மேலே அனுப்பாதே என்று அவர் குறித்தும் வைக்கலாம். 2021இல் மத்திய அரசின் புதிய விதிகள் அந்த முதல் ஆளைக் காட்ட முடிய வேண்டும் என்றன. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் மறைகுறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாங்கள் இந்தியாவில் இருக்க மாட்டோம் என்ற பொருளில் அதன் வழக்கறிஞர் 2024 ஏப்ரலில் வாதிட்டார்.

அடிவரிக்காக இவ்வளவு வாதாடும் நான் இதை ஆதரிப்பேன் என்று நினைப்பீர்கள். ஆதரிக்கவில்லை. பத்திரிகையின் அடிவரியில் இருந்தது வெளியிடுபவரின் பெயர். நிருபருக்குத் தகவல் கொடுத்த தாலுகா அலுவலகக் கீழ்நிலை ஊழியரின் பெயர் அல்ல. அந்தப் பெயரை எங்கள் ஆசிரியர் காவல் அதிகாரி வந்து உட்கார்ந்தபோதும் சொன்னதில்லை. மணல் லாரியைப் படம் எடுத்துத் தெருக் குழுவில் போடும் இளைஞனின் எண் ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டிக்கொண்டு போகுமென்றால், அந்தப் படம் இனி வராது; காசு வாங்கிக்கொண்டு பொய் எழுதுபவனோ அதற்கென்றே வேறொருவர் பெயரில் ஒரு சிம் வைத்திருப்பான். நான் கேட்பது அதைவிடச் சிறியது, தொழில்நுட்பம் தேவைப்படாதது. 1,000 பேருக்குப் பரப்புபவன் வெளியிடுபவன். அவன் தன் பெயரால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

அதனால் மூன்று மாதம் முடிந்ததும் இரண்டு நாளிதழ்களையும் மறுபடி போடச் சொன்னேன். செய்திக்காக வாட்ஸ்அப்பை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: சேனல்களில் பெயர் தெரிந்த இரண்டு மூன்றைப் பின்தொடருங்கள், முடிந்தால் ஒன்றையொன்று பிடிக்காதவையாக, ஃபார்வர்டுகளைச் செய்தியாக எண்ணாதீர்கள், உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற அமைப்பை மாற்றி வையுங்கள். ஐந்து நட்சத்திரத்தில், தபாலாக நான்கரை, செய்தித்தாளாக ஒன்றரை. அந்த அரை நட்சத்திரம் வேகத்தடைக்காக.

உறவினர் குழுவில் ஒரு கோரிக்கை வைத்தேன். எதை அனுப்பினாலும் அடியில், இது எனக்கு எங்கிருந்து வந்தது, நான் சரிபார்த்தேனா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். முதல் வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு மைத்துனர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போனார், அவரைச் சமாதானப்படுத்தி அழைத்துவர என் மனைவி ஒரு முறை ஈரோடு வரை போக வேண்டியதாயிற்று. போன செவ்வாய்க்கிழமை பெரியப்பா மகனிடமிருந்து ஒரு நீண்ட அரசியல் பதிவு வந்தது, வழக்கம்போல் ஆச்சரியக்குறிகளோடு. நகலெடுத்து ஒட்டியிருந்ததால் அம்பு எதுவும் இல்லை. ஆனால் கடைசியில், அவர் தன் கையாலேயே தட்டிய, இரண்டு எழுத்துப் பிழைகள் உள்ள ஒரு வரி இருந்தது: "இது யார் எலுதினது என்று எனக்கு தெரியாது, படிக்க நல்லா இருந்ததால் அணுப்பினேன்." அந்த இரண்டு பிழைகளையும் நான் திருத்தவில்லை.